மின்னலை வீட்டுக்கு அனுப்பினோம்

போன வாரம் லப்பைக்குடிக்காட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தேன். நண்பன் ரஃபீக்கின் வீடு. குவைத்தில் ஹோட்டல் சமையல்காரனாக இருந்தவன். திடீர் மாரடைப்பு... அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பெற்றவர்கள் கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என்ன கொடுமை இது!

என்னோடு, வாராவாரம் ரஃபீக்கோடு சேர்ந்து விளையாடும் செந்திலும் வந்திருந்தான். ரஃபீக்கின் அப்பாதான் பேச்சை ஆரம்பித்தார். அவனைப் போலவே நாங்களும் அவரை அத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

"வெள்ளிக்கெழம சாயந்தரம் ஆனா எங்க போனைக்கூட எடுக்க மாட்டான். 'பெரம்பலூர் பசங்களோட வெளையாடுறேன் அத்தா'ம்பான். போன்ல அப்படி என்ன தம்பி வெளையாட்டு?"

எப்படிச் சொல்வது? செந்தில் ஒரு கதை சொல்வான் - காடு, கோட்டை, பூதம். நாங்கள் ஆளுக்கொரு வீரனாக மாறி, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். அவ்வளவுதான். நாற்பது வயதில் இதெல்லாம் தேவையா? என் மனைவி வாராவாரம் கேட்கும் கேள்வி.

செந்தில் வீட்டு மாடியில், தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த செல்போனுக்குள் ரஃபீக் இருப்பான். அவன் ஆடியது ஒரு திருடன். பெயர் மின்னல். ஆளோ சரியான சோம்பேறி!

ஒருமுறை கோட்டைக்குள் நுழையும்போது பகடை காலை வாரிவிட்டது. மின்னல் கிணற்றில் விழுந்தான். சும்மா இருப்பானா? "வாளி எடுக்க வந்தேங்க, தூக்கி விடுங்க" என்று காவலர்களையே கயிறு போட வைத்தான். போதாததற்கு, குளிருக்கு ஒரு டீயும் கேட்டான்.

பாலத்துப் பூதம் இன்னும் மோசம். நாங்கள் எல்லோரும் வாளை உருவிவிட்டோம். மின்னல் மட்டும் அதன் முன்னால் போய், "சாப்டியாண்ணே?" என்றான். அங்கேயே அடுப்பு மூட்டி பிரியாணி. தின்றுவிட்டுப் பூதம் தூங்கியது. நாங்கள் பாலத்தைக் கடந்தோம்.

இதையெல்லாம் சொன்னதும் அத்தா சிரித்துவிட்டார். "கூறு கெட்ட பய..." என்றவர், துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். உள்ளே அவன் அம்மா அழுவது கேட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே கேட்டார். "இப்ப அந்தத் திருடன் எங்க இருக்கான்?"

செந்தில் தயங்கினான். "மலைக்கோட்டைக்குள்ள அத்தா. இரும்புக் கதவு எறங்கிக்கிட்டே இருக்கு. 'நீங்க போங்கடா, நான் பின்னாடியே வரேன்'னு தாங்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். அத்தோட அன்னைக்கு ஆட்டத்த நிறுத்திட்டோம்."

"அவனையாச்சும் வூட்டுக்கு அனுப்பி வச்சிடுங்க தம்பி."

நேற்று வெள்ளிக்கிழமை. மாடியில் கூடினோம். தண்ணீர் பாட்டில் இருந்தது. அதில் சாய்க்கப் போன் இல்லை. மின்னல் தப்பிக்கப் பகடை உருட்டியாக வேண்டும். விதி என்றால் செந்திலுக்கு விதிதான். எவ்வளவு கெஞ்சினாலும் யாருக்கும் சலுகை தந்ததில்லை. பகடையைக் கையில் எடுத்தான்... பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"மின்னல் வெளிய வந்துட்டான்டா. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறிட்டான். ஊர்ல எறங்கி, வூட்டுக் கதவத் தட்டுறான்..."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. எங்களாலும்தான்.

நான்தான் அத்தாவுக்குப் போன் போட்டேன். "அனுப்பி வச்சிட்டோம் அத்தா."

அவர் கேட்டார்: "வழியில ஏதாச்சும் சாப்டானா தம்பி?"

பூதத்திடமே சாப்பிட்டாயா என்று கேட்டவனைப் பெற்றவர் ஆயிற்றே!