கைப்பைக்குள் ஒரு தேசிக்காய்

சனிக்கிழமை காலை ரொறன்ரோவில், மல்வேர்ன் பக்கத்துத் தமிழ்க்கடை ஒன்றில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பின்னால் எனக்குத் தெரிந்த அன்ரி ஒருவர். தென்னாபிரிக்காவுக்குப் போய் வந்தோமாமே... சிங்கம் பார்த்தோமா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

சிறுத்தை? இல்லை. காண்டாமிருகம்? அதுவும் இல்லை. அன்ரியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவ்வளவு தூரம் போய் யானையையும் காட்டுப்பன்றியையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம் என்றால் யாருக்குத்தான் பாவமாக இருக்காது? அவர் பேச்சை விட்டுவிட்டுக் கத்தரிக்காயில் புழு தேடத் தொடங்கினார்.

கடையில் நின்று சொல்லக்கூடிய கதை இல்லை அது. உங்களிடம் ஆறுதலாகச் சொல்கிறேன்.

முதலில் என் கணவரைப் பற்றி. இருபத்தாறு வருசம் ரொறன்ரோவில் பாண் டெலிவரி வான் ஓட்டிய மனிதர். இரண்டு மாரிக்கு முன், பனி கொட்டிய ஒரு நாள், 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஒன்றின் பின் ஒன்றாக மோதிக்கொண்டன. நடுவில் இவருடைய வான். வான் சப்பளிந்துவிட்டது; இவருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு மட்டும். தப்பிப் பிழைத்ததே பெரிய காரியம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆனால் அன்றிலிருந்து இவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வேலையையும் விட்டுவிட்டார். கேட்டால், "பிறகு பாப்பம்" என்பார். அந்தப் பிறகு இரண்டு வருசமாக வரவேயில்லை. கெஞ்சினேன், பகிடி பண்ணினேன், சண்டையும் பிடித்தேன். ம்ஹூம்.

நான் சாரதி வேலை பார்ப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இவர் பாட்டுப் படிப்பதும் ஸ்டியரிங் பிடிக்கும்போதுதான், கதை விடுவதும் அப்போதுதான். இரண்டுமே நின்றுபோயின. பக்கத்து சீட்டில் வாய் திறக்காமல் இருக்கும் அந்த மனிதரைத்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. எனக்கு என் பழைய மனுசன் திரும்ப வேண்டும்... வேறொன்றும் இல்லை.

எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு மகள் இந்தப் பயணத்தைப் பதிவு செய்தாள். "அம்மா, செல்ஃப் டிரைவ்தான் பெஸ்ட். நீங்களே கார் ஓட்டி அனிமல்ஸ் பாக்கலாம், நோ ஸ்ட்ரெஸ்" என்றாள். நோ ஸ்ட்ரெஸ் அவளுக்கு!

நான் கார் பழகியதே கனடாவில். தென்னாபிரிக்காவில் எல்லாம் தலைகீழ். ஸ்டியரிங் வலப்பக்கம், றோட்டில் இடப்பக்கம் ஓட வேண்டும். சிக்னல் போடப் போனால் வைப்பர் ஆடுகிறது. கொளுத்தும் வெயிலில் வைப்பர் போட்டபடி திரும்பிய ஒரே கார் எங்களுடையதாகத்தான் இருக்கும். இந்த லட்சணத்தில் காட்டுக்குள் வேறு ஓட்ட வேண்டும்.

பயம் வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? தேசிக்காய் வாங்குவோம். தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு வாங்கினேன். காலையில் இவர் பல் தீட்டும் நேரம் பார்த்து ஒன்றை முன் ரயருக்குக் கீழே வைத்து ஏற்றி நசித்தேன். மற்றது, மேலதிகப் பாதுகாப்புக்கு, கைப்பைக்குள்.

பின்னேரம் மூன்று மணிக்குச் சரணாலய வாசலில் சீருடை போட்ட ஒரு பெண் காரை மறித்தார். தோடம்பழம், தேசிக்காய் மாதிரிப் புளிப்புப் பழம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். முன்னொரு காலத்தில் யானைகளுக்குத் தோடம்பழம் போட்டுப் பழக்கிவிட்டார்களாம். அந்த வாசம் பிடித்தால் காரைத் தேடி வந்துவிடுமாம்.

நான் இல்லை என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன்? சத்தியமாகத் தெரியாது. ஊரிலிருந்து வரும்போதெல்லாம் கருவாட்டைச் சுற்றிச் சுற்றிப் பொதி செய்துகொண்டு வந்து, ஏர்போட்டில் "நத்திங்" என்று சொல்லிப் பழகிய வாய். கேள்வி முடிய முன்னமே பதில் போய்விட்டது.

உள்ளே செம்மண் றோட்டு, இரண்டு பக்கமும் பற்றை. அரை மணி நேரம் வரிக்குதிரை, காட்டுப்பன்றி என்று எல்லாம் நல்லாய்த்தான் போனது. ஒரு வளைவில் திரும்பினால்... எதிரே ஒரு கொம்பன் யானை.

நான் பிறேக்கை மிதித்தேன். அது நிற்கவில்லை. ஆடி அசைந்து நேரே காருக்கு வந்தது. இவர் பக்கக் கண்ணாடி ஒரு கையளவு இறங்கியிருந்தது. தும்பிக்கையின் நுனி அந்த இடைவெளியில் வந்து மணந்தது. இவருடைய காலடியில் என் கைப்பை.

இவர் அசையாமல், குரலைத் தாழ்த்தி, பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. நானோ பதற்றத்தில் மறுபடி வைப்பரைப் போட்டுவிட்டேன். சாரதியா அது? எனக்கே வெட்கமாக இருந்தது.

தும்பிக்கை ஒரு கணம் விலகியதும் இவர் கண்ணாடியை மெல்ல ஏற்றினார். பிறகு பின்பக்கம் திரும்பிப் பார்த்தபடி சொன்னார்:

"பயப்பிடாதேயும். றிவேர்ஸிலை போடும். நீர் முன்னாலை யானையைப் பாரும், நான் பின்னாலை றோட்டைப் பாக்கிறன். நேரை... மெல்ல... கொஞ்சம் இடப்பக்கம்..."

கடை கடையாகப் பின்கதவுக்கு டெலிவரி வானைப் பின்னால் எடுத்து ஒதுக்கிய மனிதரின் குரல். இரண்டு வருசமாக நான் கேட்காத குரல். அதைப் பிடித்துக்கொண்டே நூறு மீற்றர் பின்னால் போனேன். யானைக்கு அலுத்துவிட்டது போலும். ஒரு பற்றையை முறித்து வாயில் போட்டுக்கொண்டு நின்றது.

இறங்க அனுமதியுள்ள ஓர் இடத்தை எப்படியோ போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்த காவலரிடம் தேசிக்காயைக் கொடுத்து உண்மையைச் சொன்னேன். இவர்தான் சொல்ல வைத்தார். காவலர் சிரிக்கவேயில்லை. பழத்துக்காகக் காரை மறித்துப் பழகும் யானையைச் சுட வேண்டி வரும், அதன் உயிருக்கும் அது ஆபத்து என்று சொல்லி, வாங்கி மூடியுள்ள தொட்டியில் போட்டார். எனக்கு அந்த மண்ணுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போல இருந்தது.

பிறகுதான் என் கைகளைப் பார்த்தேன். நடுங்கின. தேத்தண்ணி குடித்தும் நிற்கவில்லை. ஒரு மணி நேரம் அங்கிருந்த மர வாங்கில் குந்தி இருந்தோம். பொழுது சாயத் தொடங்கிவிட்டது. வாசல் மூடமுதல் வெளியே போக வேண்டும். அரை மணி நேர ஓட்டம், இருவரில் ஒருவர் ஓட்டத்தான் வேண்டும்.

என்னால் ஏலாது என்று சொல்லிவிட்டேன். நடிப்பில்லை, உண்மையாகவே ஏலாது.

இவர் கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடந்துபோய் வலப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். ஸ்டியரிங்கில் இரண்டு கையும். நான் ஏறி இருந்து வாயை மூடிக்கொண்டேன். முப்பது வருசக் கலியாணத்தில் அதுதான் முதல் தடவை.

"இருபதிலைதான் போவன்" என்றார்.

போனார். அந்தக் காட்டில் இருபதில் போகிறவனை ஒருவரும் குறை சொல்வதில்லை, தெரியுமா? பின்னால் முட்டுகிற லொறி இல்லை. ஹோர்ன் இல்லை. சாணி உருட்டும் வண்டுக்கு வழி விடும்படி பலகை போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு வண்டு தன் உருண்டையோடு றோட்டைக் கடந்து முடியும்வரை இவர் காத்து நின்றார். இங்கே ஸ்காபரோவில் பச்சை லைட் விழுந்து ஒரு விநாடி பிந்தினாலே நாங்கள் என்ன பாடுபடுத்துகிறோம்!

கொஞ்சத் தூரத்தில் யானைக் கூட்டம் ஒன்று குறுக்கே போனது. பெரியவை, நடுத்தரம், தாயின் காலுக்குள் புகுந்து புகுந்து ஓடும் ஒரு குட்டி. இரண்டு பக்கமும் ஏழெட்டுக் கார்கள். எல்லோரும் எஞ்சினை நிறுத்திவிட்டு இருந்தார்கள். ஒருவருக்கும் அவசரமில்லை. கடைசி யானை போகும்வரை ஒரு சத்தமும் இல்லை.

இவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

"அண்டைக்கு ஒருத்தரும் நிக்கேல்லை. நான் கண்ணாடிக்குள்ளாலை பாத்துக்கொண்டு இருந்தனான். ஒவ்வொண்டாய் வந்து இடிச்சவை."

இரண்டு வருசத்தில் அந்த நாளைப் பற்றி இவர் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். இவரும் கண்ணைத் துடைத்தார். குட்டி எப்போது பற்றைக்குள் போனதென்று எங்களுக்குத் தெரியாது.

அடுத்த மூன்று நாளும் இவர்தான் ஓட்டினார். இரண்டாம் நாள் நாற்பதைத் தொட்டார். அங்கே அதுதான் உச்ச வேகம். மூன்றாம் நாள், எருமைக் கூட்டமொன்றின் பக்கத்தில், பழைய பாட்டு ஒன்று வாய்க்குள் மெல்லக் கேட்டது. நான் எருமைகளைப் பார்க்கிற மாதிரி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிங்கம் இருந்திருந்தாலும் என் கண்ணில் பட்டிருக்காது.

ஒருவரை மறுபடி ஓட வைக்கத் துரத்தத் தேவையில்லை போலிருக்கிறது. கொஞ்சம் வழி விட்டு நின்றாலே போதும். இரண்டு வருசமாக நான் இவருக்குப் பின்னால் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

ரொறன்ரோவுக்குத் திரும்பி இரண்டு மாதமாகிறது. இப்போது என் பிரச்சினை வேறு. இவர் சட்டைப்பைக்குள் கிடக்கும் கார் திறப்பை நான்தான் கெஞ்சி வாங்க வேண்டியிருக்கிறது!