ராசியான கை

தியேட்டரில் டிக்கெட் கொடுப்பவள் அவள். பெரிய படங்கள் விடுமுறைக்குத்தான் வரும். ஊரே ஓய்வெடுக்கும் நாளில் அவளுக்கு இரட்டை வேலை.

இந்த முறை தயாரிப்பாளர் ஜோசியரைக் கேட்டு, படத்தை விடுமுறையிலிருந்து பரீட்சை வாரத்துக்குத் தள்ளிவிட்டார். ஜோசியர் கோள்களைப் பார்த்தார், பள்ளிக்கூட நாட்காட்டியைப் பார்க்கவில்லை. அவள் மகளுக்கும் அப்போதுதான் பரீட்சை. கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி, மகளோடு வீட்டில் இருந்தாள். தியேட்டரில் ஈ ஓட்டினார்கள்.

வேலைக்குத் திரும்பியதும் முதலாளி பாய்ந்தார்.

"எல்லாம் உன்னாலதாம்மா! உன் கை ராசியான கை. நீ வரல, படம் படுத்துடுச்சு."

"நான் மட்டுமா வரல, சார்? பரீட்சை எழுதுற பிள்ளைங்க வீட்டுல ஒருத்தருமே வரலையே. அடுத்த படம் லீவுல வரட்டும், கூட்டம் தானா வரும்."

அடுத்த படம் விடுமுறையில்தான் வந்தது. வரிசை தெருமுனை வரை நீண்டது. முதலாளி பூரித்துப்போனார்.

"பாத்தியா, எல்லாம் உன் கை!"

"அப்ப அடுத்த லீவுக்காவது பொண்ணோட வெளியூர் போய்ட்டு வரட்டுமா, சார்?"

"என்னம்மா விளையாடுறியா? ராசியான கையை யாராவது வெளியூருக்கு அனுப்புவாங்களா?"

அன்றிலிருந்து, பெரிய படம் வராத விடுமுறைக்கும் அவள்தான் கவுன்ட்டரில் உட்கார வேண்டியதாயிற்று.