வெடிப்புக்குள் போன பந்து

“பந்தை அடிச்சிருவட்டி. வெடிப்புக்குள்ள போனா எடுப்பியா?”

எங்கள் ஊர் இளைஞர் மன்றச் செயலாளர் சுடலை அண்ணன் இப்படிக் கேட்டபோது நான் எட்டாம் வகுப்பு. போன வாரம் பூட்டிக் கிடந்த மன்றத்து அறையைத் திறந்தேன். மெழுகும் தீக்குச்சி மருந்தும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. அந்தக் கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

மன்றமாவதற்கு முன் அந்த அறை தீப்பெட்டி ஆபீஸின் சரக்கு அடுக்கும் கிட்டங்கி. அந்த ஆபீஸில் வேலை முடிந்து வந்து சோறு போடும் என் அம்மாவின் கையிலும் அதே வாடைதான். அதனாலோ என்னவோ, பையன்கள் மட்டும் நுழைந்த அந்த அறை எனக்கு எங்கள் வீடு மாதிரியே தோன்றும். கேரம் போர்டு, செய்தித்தாள், மூலையில் ஹாக்கி மட்டைகள். கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கிக் கிறுக்கு இல்லாத ஊர் குறைவு.

மைதானமும் இருந்தது, ஆனால் கரிசல். கோடையில் கரிசலைப் பார்த்திருக்கிறீர்களா? பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். பந்து வெடிப்புக்குள் போனால் அடித்தவர்தான் எடுக்க வேண்டும் என்பது மன்றத்து வழக்கம். குச்சியால் நோண்டினால் பந்து இன்னும் கீழே இறங்கிவிடும். கையைத்தான் விட வேண்டும். உள்ளே தேள் இருக்கும், பாம்பும் இருக்கும்.

நானும் என்கூடப் படித்த செல்வியும் இன்னும் சில பிள்ளைகளும் கெஞ்சிக் கெஞ்சி ஒரு சாயங்காலம் ஆட இடம் வாங்கினோம். “இருக்கது ஒரே பந்து. தொலைச்சீங்கன்னா பொம்பளப்பிள்ளைங்க யாரும் இங்கன வரக்கூடாது” என்றார் சுடலை அண்ணன்.

நான் ஓங்கி அடித்தேன். பெருமையாகத்தான் இருந்தது, பந்து காணாமல் போகும்வரை.

“ஏட்டி, உள்ள நல்லபாம்பு இருக்கும். வணக்கம் சொல்லிட்டு எடு!” பையன்கள் சிரித்தார்கள்.

செல்வி மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குப்புறப் படுத்தேன். மேலே மண் சுட்டது, உள்ளே குளிர்ந்தது. பாம்புக்கு வெளிக்காது கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். குடும்பத்திலேயே முதலில் படிக்கப் போனவள் அல்லவா, வீட்டில் எல்லோரிடமும் அதைச் சொல்லிப் பீற்றியும் இருந்தேன். அந்தப் படிப்பு அன்று ஒன்றுக்கும் உதவவில்லை. கையை இன்னும் உள்ளே விட்டேன். விரலில் ஏதோ சரசரத்தது. கையை எடுத்தால் நாளைக்கு நாங்கள் யாருமே வர முடியாது. பற்றி இழுத்தேன்.

பந்து வந்தது. அதோடு ஒரு முழு நீளப் பாம்புச் சட்டையும் வந்தது.

பையன்கள் சிதறி ஓடினார்கள். முதலில் ஓடியது சுடலை அண்ணன்தான். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, “நாளைக்கும் வாங்கட்டி” என்றார்.

இன்று அந்தப் பையன்களெல்லாம் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். கேரம் போர்டைக் கரையான் தின்றுவிட்டது. பெயர்ப்பலகையைக் காணோம். மைதானத்தில் பாதிக்கு வீட்டு மனைக்கல் ஊன்றிவிட்டார்கள். மீதியும் சும்மா கிடந்தால் போய்விடும். எனக்கு இப்போது பாம்பைவிட அந்தக் கற்களைப் பார்த்தால்தான் பயம். அதனால்தான் மன்றத்துச் சாவியைக் கேட்டு வாங்கி, தினமும் சாயங்காலம் பிள்ளைகளை ஆட விடுகிறேன். இப்போது நான் விளையாட்டு டீச்சர்.

நேற்று ஒரு பந்து வெடிப்புக்குள் போய்விட்டது. அடித்த பிள்ளை அழுகிற மாதிரி நின்றாள்.

“பூச்சி கீச்சி கிடக்கும், கைய விடாதீங்க டீச்சர்!”

அவள் சொல்லி முடிக்கும்போது நான் குப்புறப் படுத்திருந்தேன். கை தோள்வரை உள்ளே போயிருந்தது.