திரைக்கு அடியில் தெரிந்த கால்கள்

புவாலாயின் சிதைக்குப் பூ வைக்க வந்தவர்கள் கையில், எங்கள் ஊர் வழக்கப்படி, செத்தவரைப் பற்றிய இந்தச் சிறு புத்தகம் இருக்கும். அவளைப் பற்றி எழுதித் தரும்படி அவள் மகள் முதலில் பள்ளி ஆசிரியரைத்தான் கேட்டாளாம். பிறகு யோசித்து என்னிடம் வந்தாள். சரியான ஆளிடம்தான் வந்தாள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனால் மேகோங் ஆற்றங்கரையில் என் படம் ஓடாத ஊர் கிடையாது. இரவல் வண்டியில் ஒற்றைப் புரொஜெக்டரை ஏற்றித் தொடங்கியவன், இரண்டு லாரியும் தேக்கு வீடும் யார் தயவும் இல்லாமல் உண்டாக்கினேன். புவாலாயின் குரலைக் கண்டெடுத்தவனும் நானே.

சந்தையில் புளித்த மீன் விற்றுக்கொண்டிருந்தாள். பேரம் பேசிய ஒருத்தியை அவள் திட்டியதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். “தங்கச்சி, இது மீன் விக்கிற தொண்டை இல்ல” என்றேன்.

“உங்களுதும் மீன் வாங்குற மூஞ்சி இல்ல. நகருங்கண்ணே, ஈ மொய்க்குது” என்றாள்.

அடுத்த வாரமே என் லாரியில் ஏறிவிட்டாள்.

அப்போதைய படங்களுக்கு வாய் கிடையாது. பெட்டியில் படச்சுருள் மட்டும் வரும். புரொஜெக்டர் பக்கத்தில் மைக் வைத்து உட்கார்ந்து நாங்கள்தான் பேச வேண்டும். படத்தில் உள்ள ஆண்கள் அத்தனை பேருக்கும் நான் ஒருவன். பெண்கள், குழந்தைகள், பூனை, ஆந்தை எல்லாம் அவள். இடிக்கு ஒரு தகரம், குதிரைக்குத் தேங்காய்ச் சிரட்டை.

ஜனங்கள் கேட்டு வாங்கியது சூனியக்காரிப் படங்களைத்தான். ஒரு வாழைத்தோப்பும் ஏழெட்டு ஆட்களும் இருந்தால் அப்படி ஒரு படம் எடுத்துவிடலாம். முகத்துக்கு அரிசிமாவு, ரத்தத்துக்கு வெற்றிலைச் சாறு. பறக்கும்போது இடுப்பில் கட்டிய கயிறு பளிச்சென்று தெரியும். அநியாயமாகச் செத்த பெண் சூனியக்காரியாகத் திரும்பி வந்து ஒவ்வொருவனாகப் பழிவாங்குவாள், கடைசிச் சுருளில் அவளை எரிப்பார்கள். எல்லாப் படத்திலும் இதுவே கதை. ஆனால் புவாலாய் வாயைத் திறந்துவிட்டால் கயிறு யார் கண்ணுக்கும் தெரியாது.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் மத்தியானமே அவள் கடைத்தெருவில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்டு வருவாள். யார் பெண்டாட்டிக்குப் பயப்படுகிறான், யார் யாருக்குக் கொய்யாப்பழம் கொடுத்தனுப்புகிறான். இருட்டியதும் அந்தப் பெயர்களைப் படத்துக்குள் நுழைத்துவிடுவோம். சூனியக்காரி அவரவர் பக்கத்து வீட்டுக்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கூட்டத்துக்கு எப்படி இருக்கும்! பயமும் சிரிப்புமாகப் பாயில் உருளுவார்கள்.

இனி பான் நா தோன் கதைக்கு வருகிறேன். அவளைப் பற்றி இந்த ஒன்றைச் சொன்னால் போதும்.

அறுப்பு முடிந்த பனிக்காலம். ஊர்த் தலைவர் பிராசித் எங்களை வரவழைத்திருந்தார். மத்தியானம் பப்பாளிக்காயை மிளகாயோடு இடித்து விற்கும் கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரி உலக்கையை நிறுத்தாமலே பேசினாள்.

“நாளைக்கு இருந்தீங்கன்னா இதைவிடப் பெரிய வேடிக்கை பாக்கலாம். பேயோட்டி வர்றாரு.”

“யாருக்குப் பேய்?” என்றாள் புவாலாய்.

“கம்பாய்னு ஒரு விதவை. அவளுக்குள்ள ஈரல்தின்னி பூந்துடுச்சு. ஆம்பளைங்க மூணு பேரு தூக்கத்துலயே போயிட்டாங்களே!”

“அவதான் தின்னான்னு யாரு பாத்தா?”

“பாக்க வேற வேணுமா? தனியா உக்காந்து பச்சை ஈரலா திங்கிறா.”

“நானும்தான் திங்கிறேன். காரம் தூக்கலாப் போட்டு.”

கடைக்காரி சிரித்துவிட்டாள். சிரித்ததும் வாய் இளகியது. “மூணு பேரும் கடைசியாக் குடிச்சது லுவான் வீட்டுக் கொல்லையில. சீக்கிரம் ஏறணும்னு வயல் உரத்தைச் சாராயத்துல கலக்கிறான் பாவி. ஊருக்கே தெரியும். தலைவரோட மச்சானாச்சே அக்கா, எவ வாயத் தொறப்பா?”

விடிந்தால் மேளம் அடிப்பார்கள், பிரம்பால் விளாசுவார்கள், வீட்டைக் கொளுத்தி ஊரை விட்டுத் துரத்துவார்கள். ஈரல்தின்னி என்று பெயர் வாங்கியவளுக்கு வேறு எந்த ஊரும் இடம் தராது.

திரை கட்டும்போது புவாலாய் கயிற்றை இழுத்து முடிந்தாள். பிறகு, “அண்ணே, நான் படம் பாக்கக் கத்துக்கிட்டதே திரைக்குப் பின்னாலேர்ந்துதான்” என்றாள். “எங்கம்மாவையும் இப்படித்தான் வெரட்டுனாங்க. எந்த ஊருக்குப் போனாலும் முன்னால உக்கார விடமாட்டாங்க. பின்னால நின்னா எல்லாம் திருப்பித் தெரியும். படத்துல வர்றவங்க அத்தனை பேரும் எடது கையால சோறு திங்கிறவங்கன்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன்.”

“தலைவர் வீட்டுச் சோறு இன்னும் வயித்துல இருக்கு. வம்பு வேணாம் புவாலாய். இந்த ஜில்லாவுல நாம தொழில் பண்ணணும்” என்றேன்.

“நீங்க உங்க வில்லனைப் பேசுங்க. நான் என் சூனியக்காரியைப் பேசுறேன்.”

இருட்டியதும் ஆற்றிலிருந்து பனி மேலேறி வந்தது. புரொஜெக்டர் வெளிச்சம் அதற்குள் பால் ஊற்றினாற்போல் பரவியது. காற்றில் திரை மெல்ல உப்பி அடங்க, சூனியக்காரியின் முகமும் மூச்சு விட்டது. வாழைத்தோப்பு எது, கூட்டத்துக்குப் பின்னால் நின்ற மரங்கள் எவை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மின்மினிகள் படத்துக்குள் போய் வந்தன. புவாலாய் மைக்கை மூடிக்கொண்டு என் தோளைத் தொட்டுக் காட்டினாள். திரையின் கீழ் ஓரத்துக்கும் தரைக்கும் நடுவே இரண்டு வெறுங்கால்கள். பக்கத்தில் ஒரு துணி மூட்டை. கம்பாய் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூனியக்காரி பணக்காரன் வீட்டு வாசலுக்கு வந்து நகம் நீண்ட கையை நீட்டினாள். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு சிரிப்பு வரும். புவாலாய் சிரிக்கவில்லை. தூக்கத்தில் பேசுவது போல மெதுவாகக் கேட்டாள்.

“என்னைப் பேய்ங்கிறியே. அந்த மூணு பேரும் கடைசியா யார் வீட்டுக் கொல்லையில குடிச்சாங்க?”

திரையில் வில்லனின் வாய் அசைந்தது. அந்த வாய்க்குச் சொந்தக்காரன் நான். முன்வரிசை நாற்காலியிலிருந்து தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். கூட்டம் முழுக்க என் வாய்க்காகக் காத்திருந்தது. ஒரு நொடியில் நூறு யோசனை வரும் என்பார்கள். எனக்கு ஒன்றுதான் வந்தது: வாய் அசைகிறது, பேசாமல் விட்டால் நான் தொழில்காரன் இல்லை.

“எ... என் வீட்டுலதான்” என்றேன் வில்லன் குரலில்.

“சாராயத்துல என்ன கலந்தே?”

“வயலுக்குப் போடுறதை. விட்டுடு தாயே!”

தலைவர் எழுந்து, “நிறுத்துங்கடா படத்தை!” என்று கத்தினார். நான் குரலை மாற்றாமல் மைக்கில், “ஐயா, கொஞ்சம் உக்காருங்க. பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்குது” என்றேன். சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி மைதானம் முழுக்க ஓடியது. இப்படி ஒரு வார்த்தையை அந்த நேரத்தில் சொல்ல இந்த மாகாணத்தில் வேறு ஆள் கிடையாது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியபோது ஒருத்தி பாயிலிருந்து, “என் புருஷனும் அங்கதான் குடிச்சான்!” என்றாள். செத்துப்போன மூவரில் ஒருவனின் மனைவி. “லுவான், எங்கடா இருக்கே? எந்திரிச்சுப் பதில் சொல்லு!” லுவான் அதற்குள் வேலி தாண்டிப் போயிருந்தான்.

கடைசிச் சுருளில் சூனியக்காரியை எரித்தார்கள். அலற வேண்டிய இடத்தில் புவாலாய் ஒரு தாலாட்டை முணுமுணுத்தாள். திரையில் தீ எரிய, அந்தப் பாட்டு பனிக்குள் ஊர்ந்து போயிற்று. பாய்களில் குழந்தைகள் அப்படியே தூங்கிப்போயின. நான் தகரத்தைத் தட்டவில்லை. திரைக்கு அடியில் பார்த்தேன். கால்களைக் காணோம்.

மூட்டையை இடுப்பில் அணைத்தபடி கம்பாய் திரையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து நின்றிருந்தாள். வெளிச்சம் அவள் மேலும் படமாக ஓடியது. யாரும் எழுந்து ஓடவில்லை. சற்று முன் கத்தியவள் நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

“உக்காரு பெரியம்மா. மறைக்காத.”

கம்பாய் உட்கார்ந்து, திரையை வெகுநேரம் பார்த்தாள். “இந்தப் பக்கம் எல்லாரும் சோத்துக் கையாலதான் பந்தம் பிடிக்கிறாங்க” என்றாள்.

மைக் பக்கத்தில் புவாலாய் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் பேயோட்டி வந்தார். மேளம் அடிக்க ஆள் வரவில்லை. ஒட்டரிசிச் சோறும் சுட்ட மீனும் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார். கம்பாய் அதன் பிறகு வெகுகாலம் அதே வீட்டில் இருந்தாள் என்று கேள்வி.

நாங்கள் கிளம்பும்போது அவள் லாரிக்கு வந்து வாழை இலைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். பிரித்தால் பச்சை ஈரல், புதினாவும் வறுத்த அரிசிப் பொடியும் போட்டு. புவாலாய்க்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒரு வாய் தின்றுவிட்டு என் பக்கம் நீட்டினாள்.

“பயமாண்ணே?” என்று காற்றாய்க் கேட்டாள்.

எனக்கா பயம்! பாதிக்கு மேல் நான்தான் தின்றேன்.