செம்மறிக் கத்தரி

மகள் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனது ஐப்பசி மாதத்தில், ஒரு வியாழக்கிழமை. தன் நாயை நல்லம்பள்ளியில் எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். அன்றைய நாட்குறிப்பில் "ஆறு மாதம்" என்று மட்டும் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். நாயை அந்த நாட்டுக்குள் விடத் தேவையான ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிந்தைய காத்திருப்பு, சான்றிதழ்கள் எல்லாம் முடிந்து சித்திரையில் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு.

அது ஷெட்லாந்து ஷீப்டாக். முழங்கால் உயரம்கூட இல்லாத, ஆடு மேய்ப்பதற்கென்றே வளர்த்தெடுத்த இனம். கூர்மூக்கு, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, உடம்பெல்லாம் அடர்ந்த பழுப்பு முடி. வாரத்துக்கு மூன்று முறை சீவிவிட வேண்டும். காதுக்குப் பின்னால் விட்டுவிட்டால் சிக்குப் பிடித்துவிடும். இவையெல்லாம் மகள் எழுதிக்கொடுத்த தாளில் இருந்தன. மேய்க்க ஆடு இல்லாவிட்டால் அது மனிதரை மேய்க்கும் என்பது அதில் இல்லை. நான் முன்னறையிலும் மனைவி சமையலறையிலும் இருந்தால் அதற்குப் பொறுக்காது. இருவரும் ஒரே இடத்தில் உட்காரும்வரை குதிகாலை முட்டிக்கொண்டே சுற்றிவரும். மனைவி அரூரில் ஆசிரியை. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் குறுக்கே நின்று குரைக்கும்.

"வூட்டுல ஹெட்மாஸ்டர் ஒருத்தரு, பள்ளிக்கூடத்துல ஒருத்தரு. ரெண்டு பேருக்கும் நான் லீவு லெட்டர் எழுதணுமா?" என்பாள்.

தனியாக விட்டால் ஓயாமல் குரைத்தது. பக்கத்து வீட்டில் முகம் சுளித்தார்கள். ஆகவே ஓய்வு பெற்றவனான நான் வீட்டுக்குள் தங்கினேன். கம்பைநல்லூர், அரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கிடக்கும் நடுகற்களை ஸ்கூட்டரில் போய்ப் பார்த்து, எந்தத் திசை நோக்கி நிற்கிறது, பக்கத்தில் என்ன மரம் என்று நாள் போட்டுக் குறித்து வருவது என் வழக்கம். ஐப்பசிக்குப் பிறகு அந்த நோட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. கார்த்திகை, மார்கழி, தை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களுக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை.

மாசிக் கடைசியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அறுவடை முடிந்த வயலில், எருவுக்காக ஒருவர் செம்மறிப் பட்டி போட்டார். நாயைச் சங்கிலியோடு கூட்டிப்போனேன். ஆடுகளைக் கண்டதும் அது வயிறு தரையில் படப் பதுங்கிக்கொண்டது. சங்கிலியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடி, பிரிந்து நின்ற நான்கு ஆடுகளை வளைத்து மந்தையோடு சேர்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது.

"இது நாயிங்களா, நரியிங்களா சார்?" என்றார் ஆட்டுக்காரர். "என் நாய் சோறு தின்னுட்டுப் பட்டிய காவல் காக்கும், அவ்ளோதான். இத எனக்குக் குடுத்துடுங்க, நான் வூட்டுக்குப் போயி தூங்கறேன்."

அன்று அவர் ஆடுகளுக்கு முடி கத்தரித்துக்கொண்டிருந்தார். வெயில் காலத்துக்கு முன் வழக்கமாகச் செய்வது. கத்தரி ஓட ஓட, ஆடு ஒவ்வொன்றும் பாதியாக இளைத்து எழுந்து துள்ளி ஓடியது. நாயோ நிழலில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. முடி குறைந்தால் இதையும் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகலாமே என்று எனக்குத் தோன்றியது.

"இதுக்கும் வெட்டலாமா?"

"ஏன் சார், வெயில் ஆட்டுக்கு மட்டுந்தானா அடிக்குது?"

எதையும் நான்கு புத்தகம் புரட்டாமல் செய்யாதவன் நான். அன்று ஒன்றையும் புரட்டவில்லை. தலையையும் பிடரியையும் விட்டுவிட்டு மற்றதைத் தோல் தெரிய ஒட்டக் கத்தரித்தார். நல்ல மனிதர், பணம் வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் காலை வெயிலில் அரை மணி நேரம் சுற்றிவந்தோம். மூன்றாம் நாள் முதுகு சிவந்தது. அந்த வாரம் முடிவதற்குள் கொப்புளங்கள் உடைந்து புண்ணாயின. கால்நடை மருத்துவர், இளம்பெண், கையுறையைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"செம்மறிக்கு முடி வளந்துகிட்டே இருக்கும் சார். நாய்க்கு வெளிமுடி ஒண்ணு, உள்ளே பஞ்சு மாதிரி ஒண்ணு. ரெண்டும் சேந்துதான் வெயிலத் தடுக்குது. அத எடுத்துட்டு வெயில்ல விட்டா? பழையபடி வர ஒரு வருஷம்கூட ஆகலாம். ஆட்டுக்காரர்கிட்ட பூச்சி மருந்து எதுவும் வாங்கிக் குடுத்துடலயே? அதுல சிலது இந்த இனத்துக்கு உயிருக்கே ஆபத்து."

புண் முழுதாக ஆறி, முடி தோலை மூடும்வரை பயணச் சான்றிதழ் தர முடியாது என்றும் சொன்னார். அதுவரை பகலில் வெளியே விடக்கூடாது.

ஜன்னல்களுக்குப் பழைய போர்வைகளைக் கட்டினோம். பங்குனி முழுக்க அந்த இருட்டில் நானும் அதுவும் இருந்தோம். விடிவதற்கு முன் ஒரு நடை, பொழுது சாய்ந்தபின் ஒரு நடை. மகள் வீடியோவில் அழைக்கும்போதெல்லாம் நாயின் முடி வெட்டாத முகத்தை மட்டும் காட்டினேன்.

"மூஞ்சிய மட்டும் எத்தன நாளைக்குக் காட்டுவீங்க?" என்றாள் மனைவி. "அவ வந்து எறங்குனா நாய மூட்டையில கட்டிக் குடுப்பீங்களா?"

பங்குனி கடைசி ஞாயிறு, பகல் பதினொன்றரை மணி. டிக்கெட் போட்டுவிட்டதாக மகள் சொன்னாள். "அப்பா, அவன நிக்கச் சொல்லுங்களேன். வாலப் பாக்கணும்."

நான் போனைத் திருப்பினேன்.

படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். "வலிக்குதாப்பா அவனுக்கு?" என்று கேட்டாள்.

"இப்ப அரிப்பு மட்டுந்தாம்மா."

"யாரு வெட்டுனது?"

சொன்னேன். "ஆட்டுக் கத்தரியிலயா!" என்று சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "உங்கள யாருப்பா வெட்டச் சொன்னது? ஏன் எங்கிட்டக் கேக்கல?"

அதை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வெளியே போக ஆசைப்பட்டேன் என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. வெயிலுக்காக என்றேன். அதுவும் பொய்யில்லை.

"டாக்டர் எப்ப சரியாகும்னு சொன்னாங்க?"

"தெரியாதுங்கறாங்க. முடி வர்றவரைக்கும் சர்ட்டிபிகேட் தர மாட்டாங்களாம். மழைக்காலம் ஆகலாம்."

"சரி, டிக்கெட்ட கேன்சல் பண்றேன். எனக்கு மறுபடி லீவு எப்பக் கிடைக்கும்னு தெரியல. அவன வெயில்ல விடாதீங்க." இணைப்பு அறுந்துபோனது. அவள் சாப்பிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் மின்சாரம் போனது. மின்விசிறி மெல்ல நின்றது. மேற்கு ஜன்னலைத் திறக்கலாம் என்று எழுந்தேன். அந்தப் பக்கம் எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பிய வெயில் போர்வையின் கிழிசல் வழியே தரைவரை விழுந்திருந்தது. போர்வையை இன்னும் இழுத்துக் கட்டினேன். துண்டை நனைத்துச் சிமெண்டுத் தரையில் விரித்தேன். நாய் வந்து வயிற்றை அதன்மேல் வைத்துப் படுத்தது. நானும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.