கோவிந்தராஜுலுவின் கை வைக்க முடியாத வசனம்

"நான் எழுதுன வசனத்துல ஒரு சொல்லைச் சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாதுங்க. அதுக்கான ஆளு இனிமேத்தான் பொறக்கோணும்."

1990 பொங்கலன்று சிங்காநல்லூரில், மில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நடத்திய இளைஞர் நாடக மன்றத்தின் முதல் நாடகத்துக்கு முன்னால், கோவிந்தராஜுலு மைக்கைப் பிடித்து உலகத்துக்கு இவ்வாறு அறிவித்தார். அப்போது வயது இருபத்திரண்டு. உலகத்தின் சார்பில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எண்பது பேர். அதில் பாதிப் பேர் சுண்டலுக்காக வந்தவர்கள்.

வாக்கைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. திரைக்குப் பின்னால் நோட்டுடன் நின்று வரிக்கு வரி விரலை ஓட்டுவார். பிசகியவர்களுக்குக் காட்சி முடிந்ததும் விசாரணை. அதிகம் விசாரிக்கப்பட்டவர் அன்புச்செல்வி. மன்றத்தின் ஒரே பெண், நூற்பு மில்லில் வேலை, பத்தொன்பது வயதிலேயே எல்லா நாடகத்திலும் அம்மா. ஒவ்வொரு தடவையும் எதையாவது சேர்த்துவிடுவார். பொள்ளாச்சியில் கைதட்டலே அவர் சேர்த்ததற்குத்தான் விழுந்தது. குற்றம் பெரிதாகிவிட்டது.

"எழுதுனதைச் சொன்னாப் போதும் அம்மணி."

"வாய்ல வந்துபோட்டுதுங்கண்ணா."

"வாய்ல வாரதையெல்லாம் பேசறதுக்கு நான் எதுக்கு?"

"அதைத்தானுங்க நானும் ரோசனை பண்ணீட்டு இருந்தேன்."

அடுத்த ஒத்திகைக்கு அன்புச்செல்வி வரவில்லை. பிறகு கல்யாணமாகிக் காரமடை போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருவர், வசனத்தில் இல்லாத இருமலை இருமியதற்காகக் கண்டிக்கப்பட்டவர். 1994-இல் மன்றத்தின் தலைவர், செயலாளர், ஆசிரியர், பார்வையாளர் எல்லாம் கோவிந்தராஜுலுவே.

தூய கலைக்கு இதைவிட நல்ல சூழ்நிலை ஏது? வானொலிக்கு நாடகம் எழுதிப் போட்டார், எடுத்துக்கொண்டார்கள். வாராந்தரத் தொடர் கிடைத்தது. மில் வேலையை விட்டுக் காந்திபுரத்தில் லாட்ஜ் அறை பிடித்து, முழுநேர எழுத்தாளர் ஆனார். தடுக்க நடிகர் எவரும் இல்லாததால், எல்லாப் பாத்திரங்களின் வசனத்தையும் தாமே உரக்கப் பேசிப் பார்த்து எழுதினார்.

ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. லாட்ஜ் வாட்ச்மேன் அப்துல் குத்தூஸ்.

"ஏனுங்க, இது ஒத்தை ஆள் ரூமுங்க. உள்ளார நாலஞ்சு பேரு சண்டை போடறாங்கன்னு பக்கத்து ரூம்ல சொல்றாங்க."

குத்தூஸ் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். ஒரு ஜோடி செருப்பு இருந்தது.

"நான்தானுங்க பேசுனேன்."

"அத்தனை பேருமா?"

"அத்தனை பேரும்."

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்போல, குத்தூஸ் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார். எட்டு மாதத்தில் அந்த அறைக்கு வந்த முதல் விருந்தாளி அவர். உட்காரச் சொல்லியிருக்கலாம் என்று கோவிந்தராஜுலுவுக்கு அப்புறம்தான் தோன்றியது.

1997-இல் ஒரு காட்சி வானொலியிலிருந்து திரும்பி வந்தது. வேலைக்காக ஊரைவிட்டுப் போகும் மகனைத் தாய் வழியனுப்பும் காட்சி. 'தாய் அழுகிறாள், நமக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் தொடரை வேறொருவருக்குக் கொடுக்க நேரும்' என்று ஒரு துண்டுக் கடிதம். தொடர் போனால் அறையில் அந்த நாலைந்து குரல்களும் இருக்காது. மூன்று நாள் தாயாக அழுது பார்த்தார். குரல் அவருடையதாகவே இருந்தது. வியாழக்கிழமை காரமடை பஸ் ஏறினார்.

அன்புச்செல்வி வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "வாங்கண்ணா" என்றதைத் தவிர ஏழு வருஷத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கோவிந்தராஜுலு தாயின் நாற்பது வரியையும் ஏற்ற இறக்கத்தோடு படித்து முடித்தார்.

"பையன் எந்த ஊருக்குப் போறானுங்க?"

"பம்பாய்க்கு."

"அப்ப இத்தனை பேச மாட்டாளுங்கண்ணா. பஸ்ஸுக்குச் சில்லறை இருக்குதான்னு கேப்பா. அப்பறம் ஊட்டுக்குள்ள போயிருவா."

கோவிந்தராஜுலு நாற்பது வரியையும் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்தார். கீழே 'பஸ்ஸுக்குச் சில்லறை இருக்குதா' என்று ஒரே வரியை எழுதி நோட்டை நீட்டினார்.

"செரியான்னு பாரு அம்மணி."

அன்புச்செல்வி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படித்தார். பேனாவை வாங்கி, வரியின் கடைசியில் 'கண்ணு' என்று ஒரு சொல் சேர்த்தார்.

கோவிந்தராஜுலு மை காயும்வரை ஊதிவிட்டு நோட்டை மூடினார்.