ஆளில்லா வீட்டுக் கடிதங்கள்

எங்கள் ஊர்த் தபால் கந்தோரும் பலசரக்குக் கடையும் அப்பா கட்டிய ஒரே கட்டடத்தில்தான். நடுவில் ஒரு சுவர். இப்போது கடை என் கணவரின் பொறுப்பு, கந்தோர் என் பொறுப்பு.

சண்டைக் காலத்தில் ஊர் வெறுமையானபோது, ஆளில்லாத வீடுகளுக்கு வரும் கடிதங்களை அப்பா திருப்பி அனுப்பமாட்டார். மேசை லாச்சிக்குள் போட்டு வைப்பார். சனம் திரும்பி வந்து கேட்டு வாங்கியது. ஊரில் அதனால் எங்களுக்கு நல்ல பெயர், எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும்.

போன ஆவணியில் கூரை மாற்ற ஆட்கள் வந்தார்கள் என்று லாச்சியை வெறுமையாக்கினேன். மேலே கிடந்த உறையில் ‘நேர்முகப் பரீட்சை’ என்று அடித்திருந்தது. முத்திரைத் திகதி பன்னிரண்டு நாள் பழையது. பெயரைப் பார்த்தேன். பட்டம் முடித்து மூன்று வருடமாக ஆசிரியர் வேலைக்குக் காத்திருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை. இப்போது சித்தி வீட்டில் இருக்கிறாள், ஆனால் அடையாள அட்டையில் இடிந்த பழைய வீட்டு முகவரிதான். அந்த முகவரியைக் கண்டதும், அப்பாவின் பழக்கத்தில், பெயரை வாசிக்காமலே என் கை அதை லாச்சிக்குள் போட்டிருக்கிறது.

ஸ்கூட்டியில் பறந்தேன். அவள் உறையைக் கிழித்தாள்.

“அக்கா, இண்டைக்குப் பத்து மணிக்காம். யாழ்ப்பாணத்திலை.”

அப்போது ஒன்பதாகப் பத்து நிமிடம்.

“திங்கட்கிழமை நான் வந்து கேக்கேக்கை இது உங்கை இருந்ததோ?”

“ஓம். நான் பாக்கேல்லை.”

சான்றிதழ்களை அள்ளிக்கொண்டு பின்னால் ஏறினாள். வழியில் ரயில் கடவை மூடியிருந்தது. நான் ரயிலை வாய்க்கு வந்தபடி திட்டினேன். போய்ச் சேரப் பத்தேகால். வாசற்காவலாளியிடம் நான் கெஞ்சக் கெஞ்ச அவள் உள்ளே ஓடிவிட்டாள்.

மதியம் தாண்டித்தான் வெளியே வந்தாள்.

“கடைசியாய்க் கூப்பிட்டவை. ஏன் பிந்தினது எண்டு கேட்டவை. ரயில் மறிச்சது எண்டு சொன்னன்.”

“என்ரை பிழை எண்டு சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா உங்கடை கந்தோரை மூடிப்போடுவாங்கள் அக்கா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளைக் கட்டிப்பிடித்தேன்.

வேலை கிடைத்தது. நியமனக் கடிதம் எங்கள் கந்தோருக்கு வரவில்லை. அன்றைக்கு உள்ளே இருந்தபோதே முகவரியை மாற்றிக் கொடுத்துவிட்டாளாம், கொடிகாமத்துப் பெரியம்மா வீட்டுக்கு.